திண்டிவனத்துக்கு வாங்கிய சீட்டு

மனிதன், தான் என்னவாக இருக்கிறான் என்பதைக் காட்டிலும் என்னவாக ஆகக்கூடும் என்பதைப் பற்றியே ஓயாது கவலைப்படும் பிராணி என்று கண்டு, அந்தக் கவலையையே தத்துவ விசாரத்தின் தொடக்கமாக வைத்துக்கொண்ட சிந்தனை மரபுக்கு இருத்தலியல் என்று பெயர். டென்மார்க்கில் 1855-இல் மறைந்த கீர்க்கேகார்டிடம் முளைவிட்டு, ஜெர்மனியில் யாஸ்பர்ஸ், ஹைடெகர் ஆகியோரிடம் கிளைத்து, இரண்டாம் உலக யுத்தத்தை ஒட்டிய ஆண்டுகளில் பிரான்சில் சார்த்தர் வழியாகச் சாமானிய மக்களின் பேச்சிலும் இடம்பெற்ற அம்மரபைப் பற்றி நம்மவர் எழுதும்போதும் பேசும்போதும், அது யுத்தத்தால் நொந்துபோன மேனாட்டாருக்கே உரிய ஒரு மனநிலை என்பதுபோலவும், நம் ஊர்களில் அதற்கு நேரான அனுபவம் எதுவும் நிகழ்ந்ததில்லை என்பதுபோலவும் ஒரு தோற்றம் உண்டாகிவிடுகிறது. அத்தோற்றம் பிழை என்பதற்கு நான் காட்ட விரும்பும் சான்று, அந்நாளையத் தென்னாற்காடு ஜில்லாவில், விழுப்புரம் ரயில் சந்திப்பையும் அதைச் சுற்றிய சில ஊர்களையும் களமாகக் கொண்டு, 1896 ஆகஸ்டு 30, 31 ஆகிய இரண்டே நாட்களில், கையில் இரண்டரை அணா மட்டும் இருந்த பதினாறு வயதுப் பள்ளி மாணவன் ஒருவனுக்கு நேர்ந்தவையாகும்.

அம்மாணவன் வேங்கடராமன், பின்னாளில் ரமண மகரிஷி என்று உலகம் அறிந்தவர். அவருடைய சரித்திரத்தை எழுதியவர்கள் மதுரையில் நேர்ந்த மரண அனுபவத்தையும் திருவண்ணாமலையில் தொடங்கிய மௌனத்தையும் விரிவாக ஆராய்ந்துவிட்டு, இடையிலுள்ள பிரயாணத்தைப் பக்தி ரசம் ததும்பும் ஒரு வழிநடைக் கதையாகவே பெரும்பாலும் சொல்லிச் செல்கின்றனர். ஆனால், ஒருவனுக்கு ஒரு கணத்தில் உதித்த தெளிவு, அவனுடைய ஜீவிதமாகவே மாறுவது எப்படி என்னும் கேள்விக்கு விடை தேடுவோர் ஊன்றிப் படிக்க வேண்டிய பகுதி அந்தப் பிரயாணமே என்பது என் கருத்து. அதை நிறுவ வேண்டுமானால் மதுரையிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

1879 டிசம்பர் 30 அன்று திருச்சுழியில் பிறந்து, 1892-இல் தந்தை சுந்தரமய்யர் காலமானபின் மதுரையில் சிறிய தகப்பனார் வீட்டில் வளர்ந்த வேங்கடராமன், ஸ்காட் நடுத்தரப் பள்ளியிலும் பிறகு அமெரிக்கன் மிஷன் உயர்நிலைப் பள்ளியிலும் படித்தவன். படிப்பைக் காட்டிலும் பந்தாட்டத்திலும் குஸ்தியிலும் நாட்டமுள்ளவன். வேதாந்த நூல் எதையும் அவன் அதுவரை படித்ததில்லை; பெரிய புராணம் மட்டும் கைக்குக் கிடைத்து, அவனை ஆழமாக அசைத்திருந்தது. அப்படிப்பட்ட ஒருவனுக்கு, 1896 ஜூலை நடுவில், சொக்கப்ப நாயக்கன் தெருவிலுள்ள அவ்வீட்டின் மாடியறையில் தனியே உட்கார்ந்திருந்தபோது, உடலில் நோய் எதுவும் இல்லாமலே, இப்போதே சாகப்போகிறோம் என்ற பயம் திடீரென்று பிடித்துக்கொண்டது. வைத்தியரையோ பெரியவர்களையோ கூப்பிட வேண்டுமென்று தோன்றவில்லை. படுத்து, கைகால்களைப் பிணம்போல் விறைப்பாக நீட்டி, மூச்சை அடக்கி, உதடுகளை இறுக மூடிக்கொண்டு, இவ்வுடல் செத்தால் சாவது எது, சாகாமல் எஞ்சுவது எது என்று அவன் தன்னையே பரீட்சைப் பொருளாக்கிக்கொண்டான். அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிட்ட அந்தப் பரீட்சைக்குப் பிறகு மரண பயம் மீண்டும் அவனிடம் தலைகாட்டவில்லை.

இவ்விடத்தில் ஆராய்ச்சியாளர் கருத்தில் கொள்ள வேண்டிய ஒரு செய்தி உண்டு. இந்த அனுபவத்தைத் தன்மை இடத்தில், மகரிஷியே பேசுவதுபோல் விவரிக்கும் புகழ்பெற்ற பகுதி, நரசிம்ம சுவாமி 1931-இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட வாழ்க்கை வரலாற்றில் உள்ளது. ஆனால் மகரிஷி பேசிய சொற்கள் அப்படியே பதிவு செய்யப்படவில்லை என்பதையும், அவர் தம்மைப் பற்றிப் பேசும்போது தன்மைச் சொற்களைக் கையாள்வது அரிது என்பதையும் அந்த ஆசிரியரே அடிக்குறிப்பில் நேர்மையாகச் சொல்லியிருக்கிறார். ஆகவே, அப்பகுதியின் ஒவ்வொரு சொல்லையும் பிடித்துக்கொண்டு தத்துவம் கட்டுவது பொருந்தாது. நடந்தவற்றையும் அவற்றால் விளைந்தவற்றையும் வைத்துப் பேசுவதே தகும். பிரயாணத்துக்கு நான் இவ்வளவு முக்கியத்துவம் தருவதற்கு அதுவும் ஒரு காரணம். உள்ளத்தில் நேர்ந்ததற்கு அவரைத் தவிர வேறு சாட்சி இல்லை. விழுப்புரத்தில் நேர்ந்ததற்கு ரயிலும் ஓட்டலும் கோயிலும் சாட்சிகளாக இருக்கின்றன.

மதுரைச் சம்பவத்துக்கு முப்பத்தோராண்டுகள் கழித்து, 1927-இல் வெளிவந்த தம் பெருநூலில் ஹைடெகர், மரணம் என்பது எவனும் இன்னொருவனிடம் ஒப்படைக்க முடியாத ஒரே காரியம் என்றும், ஊரார் சொல்வதையே தானும் சொல்லி ஊரார் செய்வதையே தானும் செய்து காலம் கழிக்கும் மனிதன், தன் மரணத்தை நேராக நோக்கும்போதுதான் தனக்கே உரிய சாத்தியங்களுக்கு விழித்தெழுகிறான் என்றும் நிலைநாட்டினார். மரணத்தை நேருக்கு நேர் பார்த்தல் என்னும் வாசல் வரையில் ஜெர்மானியத் தத்துவாசிரியரும் மதுரைச் சிறுவனும் ஒரே வழியில் வருகின்றனர். வாசலைத் தாண்டியபின் வழிகள் பிரிகின்றன. ஹைடெகரின் மனிதன் தன் முடிவை முன்கூட்டியே ஏற்று, தன் காலத்துக்குள் உறுதியோடு திரும்பி வருகிறான். வேங்கடராமனோ, செத்துப்போவதாக எண்ணுகிறவன் யார் என்று கேட்டு, காலத்துக்குள் அடங்காத ஒன்றைத் தன் ஸ்வரூபமாகக் கண்டான். இவ்வேறுபாட்டை மறைத்து இருவரையும் ஒன்றாக்கிக் காட்டுவது இருவருக்கும் செய்யும் அநீதியாகும்.

தெளிவு பிறந்துவிட்டது, வாழ்க்கை அப்படியே இருந்தது. ஏறத்தாழ ஆறு வாரங்கள் அவன் பள்ளிக்குப் போனான். பாடத்தில் மனம் செல்லவில்லை. மீனாட்சியம்மன் கோயிலில் போய் நின்று கண்ணீர் விட்டான். ஆகஸ்டு 29, சனிக்கிழமை. பாடம் படித்து வராததற்குத் தண்டனையாக பெயின் என்பவரின் ஆங்கில இலக்கணத்தை மும்முறை எழுதப் பணிக்கப்பட்டிருந்தவன், இரண்டு முறை எழுதியதும் தாளைத் தள்ளிவிட்டுக் கண்மூடி அமர்ந்துவிட்டான். அதைக் கவனித்துக்கொண்டிருந்த தமையன் நாகசுவாமி, இப்படி இருக்க விரும்புகிறவனுக்கு வீடும் படிப்பும் எதற்கு என்ற பொருள்படக் கடிந்துகொண்டார். எத்தனையோ வீடுகளில் எத்தனையோ தமையன்மார் சொல்லும் சொல்தான். ஆனால் அன்று அது கேட்டவனுக்கு நியாயமாகவே பட்டது.

பள்ளியில் மின்சாரத்தைப் பற்றிய தனி வகுப்பு இருக்கிறதென்று சொல்லிக்கொண்டு அவன் எழுந்தான். அப்படியானால் பெட்டியிலிருந்து ஐந்து ரூபாய் எடுத்துப் போய்த் தன் கல்லூரிச் சம்பளத்தையும் கட்டிவிட்டு வருமாறு தமையன் சொல்ல, பணம் கிடைத்தது. பழைய தேசப்படம் ஒன்றைப் பிரித்துப் பார்த்தான். திருவண்ணாமலைக்கு மிக அண்மையிலுள்ள ரயில் நிலையம் திண்டிவனம் என்று அதிலிருந்து தெரிந்தது. மூன்று ரூபாய் போதுமென்று மதிப்பிட்டு, மீதி இரண்டு ரூபாயை ஒரு கடிதத்தோடு வைத்துவிட்டுப் புறப்பட்டான். தன்னைத் தன்மையில் குறிப்பிட்டுத் தொடங்கி, அடுத்த வாக்கியத்திலேயே வெறும் ஒரு பொருளைச் சுட்டுவதுபோல் மாறி, கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் கோடு ஒன்றோடு முடிந்துவிடும் அக்கடிதத்தைப் பலரும் வியந்து பேசியிருக்கின்றனர். எனக்கோ அதன் பின்குறிப்புத்தான் பெரிதாகப் படுகிறது: அண்ணனின் சம்பளம் இன்னும் கட்டப்படவில்லை என்பதும், இரண்டு ரூபாய் இத்துடன் இருக்கிறது என்பதும் அதில் தெரிவிக்கப்பட்டிருந்தன.

மனிதன் எவ்வளவு முயன்றாலும் கடக்க முடியாமல் வந்து முட்டிக்கொள்ளும் நிலைமைகள் சில உண்டு என்றும், மரணம், துன்பம், போராட்டம், குற்றம் ஆகியவை அவற்றுள் தலையாயவை என்றும், அவற்றை மழுப்பாமல் ஏற்பவனே தன் உண்மையான இருப்பை அடைகிறான் என்றும் யாஸ்பர்ஸ் விளக்கினார். நான்காவதாகச் சொன்ன குற்றத்தை நம்மவர் எளிதில் விட்டுவிடுகின்றனர். தனி வகுப்பைக் காரணம் காட்டியது முழு உண்மையல்ல. அண்ணனுடைய பணத்தில் பாதிக்கு மேல் எடுத்ததும் உண்மை. ஞான வேட்கை வந்தவனுக்கு இவையெல்லாம் பொருட்டா என்று கேட்டு ஒதுக்கிவிடலாம். அவன் ஒதுக்கவில்லை. எடுத்தது எவ்வளவு, வைத்தது எவ்வளவு, செய்யாமல் விட்ட காரியம் எது என்பதை எழுதிவைத்துவிட்டே சென்றான். தன்னை இழந்துகொண்டிருந்த அந்த வேளையிலும் கணக்கில் பிசகாத அந்தச் சிறுவனிடம் நான் மிகுந்த மதிப்புக் கொண்டிருக்கிறேன்.

மதுரை நிலையத்தில் இரண்டு ரூபாய் பதின்மூன்று அணா கொடுத்துத் திண்டிவனத்துக்குச் சீட்டு வாங்கினான். வண்டியில் உடன் வந்த வெண்தாடி மௌல்வி ஒருவர், எங்கே போகிறாய் என்று தாமாகவே விசாரித்து, விழுப்புரத்தில் இறங்கினால் அங்கிருந்து திருவண்ணாமலைக்கே ரயில் இருக்கிறதென்று சொன்னார். அச்சான தேசப்படம் அறியாததை அந்தப் பெரியவர் அறிந்திருந்தார். காட்பாடிப் பக்கம் செல்லும் கிளைப்பாதை சில ஆண்டுகளுக்கு முன்பே போடப்பட்டிருக்க, பழைய படத்தில் அது ஏறவில்லை. திருச்சிராப்பள்ளியில் அரை அணாவுக்கு இரண்டு பேரிக்காய் வாங்கி, ஒன்றைக் கடித்ததுமே பசி அடங்கிவிட்டதாக உணர்ந்தவன், விடியற்காலை மூன்று மணிக்கு விழுப்புரத்தில் இறங்கினான். திண்டிவனம் இன்னும் இருபது மைலுக்கு அப்பால் இருந்தது; காசு கொடுத்து வாங்கிய சீட்டில் அவ்வளவு தூரம் பயன்படாமலே போயிற்று. அந்தச் சீட்டின்படியே போயிருந்தால், செஞ்சி வழியாக ஏறத்தாழ 40 மைல் நடக்க வேண்டியிருந்திருக்கும்.

மனிதன் தான் தேர்ந்துகொள்ளாத ஒரு காலத்திலும் இடத்திலும் சூழ்நிலையிலும் எறியப்பட்டவனாகவே தன்னைக் காண்கிறான் என்பது இருத்தலியலின் அடிப்படைக் கொள்கைகளுள் ஒன்று. மாற்றத்தைப் பற்றிப் பேசும் நூல்கள், முக்கியமாக இக்காலத்தில் முன்னேற்ற வழிகளைக் கற்பிப்பதாகச் சொல்லும் நூல்கள், இலட்சியத்தைத் தெளிவாக வகுத்துக்கொண்டு திட்டமிட்டு அடியெடுத்து வைக்குமாறு உபதேசிக்கின்றன. வேங்கடராமனிடம் இலட்சியம் இருந்தது, திட்டமும் இருந்தது, ஆனால் திட்டம் தவறானது. தவறான திட்டத்தோடு புறப்பட்டவன், எதிர்பாராத வாயிலிருந்து வந்த திருத்தத்தை ஏற்று, பாதி வழியில் இறங்கத் தயங்காதவனாக இருந்ததே அவன் போய்ச் சேர்ந்ததன் ரகசியம். திண்டிவனத்தைப் பிடித்துக்கொண்டிருப்பதற்குப் பெயர் மன உறுதி என்று அவன் எண்ணியிருந்தால், விழுப்புரம் அவனுக்கு ஜன்னலுக்கு வெளியே கடந்துபோன ஓர் ஊராகவே இருந்திருக்கும்.

பொழுது விடிந்ததும், மீதி வழியை நடந்தே கடப்பதென்று தீர்மானித்து, திருவண்ணாமலைக்குக் கைகாட்டும் பலகை எங்கேனும் இருக்கிறதா என்று விழுப்புரம் தெருக்களில் தேடினான். மாம்பழப்பட்டு என்ற பெயர் கண்ணில் பட்டது. அது தன் வழியிலுள்ள ஊர்தான் என்பது அவனுக்குத் தெரியவில்லை. களைப்பும் பசியும் மேலிட, ஓட்டல் ஒன்றில் போய்ச் சாப்பாடு கேட்டான், சமையல் முடிய நண்பகல் ஆகும் என்றார்கள், காத்திருந்து சாப்பிட்டான். எழுந்து இரண்டு அணாவை நீட்டியபோது, கையில் எவ்வளவு இருக்கிறதென்று ஓட்டல்காரர் கேட்டார்; மொத்தமே இரண்டரை அணா என்று அறிந்ததும் வாங்க மறுத்துவிட்டார். மாம்பழப்பட்டு திருவண்ணாமலைக்குப் போகும் வழியில்தான் இருக்கிறது என்பதும் அவர் மூலமாகவே தெரிந்தது. அவர் வாங்க மறுத்த காசே அன்று பிற்பகல் அவனை மாம்பழப்பட்டுக்குக் கொண்டுசேர்த்த ரயில் கட்டணமாயிற்று.

பிறனுடைய பார்வையில் அகப்பட்டவுடன் நான் ஒரு ஜடப்பொருளாகக் குறுகிவிடுகிறேன் என்று, 1943-இல் வெளியிட்ட தம் நூலில் சார்த்தர் நுட்பமாக ஆராய்ந்து காட்டினார். பிறர் முன்னிலையில் வெட்கத்தால் கூசிய அனுபவம் உள்ள எவரும் அதை மறுக்க மாட்டார். ஆனால் விழுப்புரம் ஓட்டல்காரரின் பார்வையும் ஒரு பார்வையே. அது சிறுவனை வாடிக்கைக்காரனாகவோ ஓடிவந்தவனாகவோ அளந்துவிடாமல், அவன் போக வேண்டிய இடத்துக்குப் போகட்டும் என்று விட்டுவிட்டது. மௌல்வி, ஓட்டல்காரர், இனி வரப்போகும் கோயில் வாத்தியக்காரர், பாகவதர் என, ஒருவரையொருவர் அறியாத இவர்கள் கைமாற்றிக் கைமாற்றி அச்சிறுவனை மலையடிவாரம் சேர்த்தனர். தன்னைத்தானே உருவாக்கிக்கொள்ளும் தனி மனிதனைப் பற்றி இருத்தலியலார் எழுதியவற்றில் பெருமைக்குரியவை பல உண்டு. இத்தகைய கைகளுக்கு அங்கே போதிய இடம் இல்லை என்பது அச்சித்தாந்தத்தின் உண்மையான குறை என்றே நான் கருதுகிறேன்.

மாம்பழப்பட்டிலிருந்து பத்து மைல் நடந்து, அந்தி சாயும் நேரத்தில் அரகண்டநல்லூர் வந்தான். பெண்ணையாற்றின் வடகரையில், பெரும்பாறை ஒன்றின்மேல் எழுந்திருக்கும் அதுல்யநாதேசுவரர் கோயில் அங்கே இருக்கிறது. ஞானசம்பந்தர் அங்கிருந்து அண்ணாமலையைக் கண்டு பாடினார் என்பது தலத்தின் ஐதிகம். ஆற்றுக்கு அக்கரையில் உள்ள திருக்கோவலூரோ, பெரிய புராணம் போற்றும் மெய்ப்பொருள் நாயனார் அரசாண்ட ஊர். முதலாழ்வார் மூவர் ஓர் இடைகழியில் சந்தித்ததாகச் சொல்லப்படும் ஊரும் அதுவே. தேசப்படம் சொல்லியிருந்த வழியில் இவற்றுள் ஒன்றும் குறுக்கிட்டிருக்காது. கோயில் மண்டபத்தில் அமர்ந்திருந்தவனுக்கு இடமெங்கும் பேரொளி ஒன்று பரவியதாகத் தோன்றிற்று; எழுந்து கருவறைப் பக்கம் போய்ப் பார்த்தபோது அதற்குக் காரணமாக எதுவும் புலப்படவில்லை. மீண்டும் அமர்ந்து தன்னை மறந்திருந்தவனை, கதவு பூட்ட வேண்டியவர்கள் வந்து எழுப்பினார்கள். சாப்பிட ஏதேனும் கிடைக்குமா என்று கேட்டான். இங்கே இல்லை, கீழூர்க் கோயிலுக்கு வா என்றார்கள்.

கீழூர் வீரட்டேசுவரர் கோயிலிலும் இரவு பூஜை முடியும்வரை தன்னை மறந்திருந்தவனுக்கு, அங்கிருந்த வாத்தியக்காரர் தமக்கு உரிய பிரசாதச் சோற்றைக் கொடுக்கச் செய்தார். தண்ணீர் கேட்டுப் பக்கத்து வீட்டு வாசலில் நின்றவன், நின்றபடியே நினைவிழந்து சில அடிகள் தள்ளாடி விழுந்தான். நினைவு வந்தபோது சுற்றிலும் சிறு கூட்டம். சோறு தரையில் சிதறிக் கிடந்தது. சிதறியதைப் பொறுக்கிச் சாப்பிட்டுவிட்டு, தண்ணீர் குடித்து, அங்கேயே படுத்துத் தூங்கினான்.

1943-இல் அமெரிக்க மனவியலாளர் ஆபிரகாம் மாஸ்லோ, மனிதத் தேவைகளைப் படிப்படியாக அடுக்கி, பசி, பாதுகாப்பு, உறவு, மதிப்பு ஆகியவை ஓரளவு நிறைவேறிய பின்னரே தன் உள்ளாற்றலை முழுமையாக மலரச் செய்யும் வேட்கை மனிதனிடம் தலைதூக்குகிறது என்று விளக்கினார். மாற்றத்தைப் பற்றி இன்று பேசுவோர் பலரும் அவ்வடுக்கையே அளவுகோலாகக் கொள்கின்றனர். கீழூர்த் தெருவில் விழுந்து கிடந்தவனிடம் அந்தக் கீழ்ப்படிகளுள் ஒன்றும் இருக்கவில்லை. ஆயினும் இச்சம்பவத்தை வைத்துக்கொண்டு பசியைத் துச்சமாகப் பேசுவோரோடும் எனக்கு உடன்பாடில்லை. அவன் பசித்தபோது கேட்டான். இல்லை என்றால் அடுத்த இடத்தில் கேட்டான். மண்ணில் விழுந்ததையும் வெட்கப்படாமல் எடுத்து உண்டான். உடலை வருத்தித் தவம் செய்யும் எண்ணமே அந்த நடத்தையில் இல்லை. ஏழைக்கு ஞானம் வரும், ஆகவே சோறு வேண்டாம் என்று சொல்வதற்கு இக்கதை இடம் கொடுக்கவில்லை. சோறு போட நாலு பேர் இருந்ததால்தான் இக்கதை தொடர்ந்தது.

மறுநாள் ஆகஸ்டு 31, கோகுலாஷ்டமி. பசியோடு வந்தவனை முத்துகிருஷ்ண பாகவதர் இல்லத்தார் அன்போடு உபசரித்தனர். சிவப்புக்கல் பதித்த காதுக் கடுக்கன்களைப் பாகவதரிடம் அடகு வைத்து நான்கு ரூபாய் பெற்றுக்கொண்டான். மீட்பதற்காக விலாசம் எழுதிய சீட்டு கைக்கு வந்தது. கிருஷ்ணனுக்குப் படைக்க வைத்திருந்த பட்சணமும் ஒரு பொட்டலமாகக் கிடைத்தது. ரயில் நிலையத்துக்குப் போகும்போதே அந்த விலாசச் சீட்டைக் கிழித்தெறிந்துவிட்டான். இரவு நிலையத்தில் தங்கி, செப்டம்பர் 1 காலையில் ரயிலேறித் திருவண்ணாமலை சேர்ந்தான். மீதிப் பணமும் பட்சணப் பொட்டலமும் அய்யங்குளத்தில் போயின. தலைமுடியும் பூணூலும் அன்றே நீங்கின. 1950 ஏப்ரல் 14 அன்று உடல் நீங்கும் வரையில் அவர் அந்த மலையை விட்டு அகலவில்லை.

இனி, இந்த ஒப்புமையில் மிகக் கடினமான இடத்துக்கு வருகிறேன். 1945-இல் பாரிஸில் ஆற்றிய சொற்பொழிவில் சார்த்தர், தாயைக் காப்பதா, யுத்தத்தில் சேர்வதா என்று தவித்து வந்த மாணவன் ஒருவனை உதாரணம் காட்டி, அவனுக்காக முடிவு செய்ய எந்தச் சாஸ்திரத்தாலும் ஆகாது, அவன் சுதந்திரன், அவனே தேர வேண்டும் என்றார். வேங்கடராமனும் தாயை விட்டு வந்தவன். 1898 டிசம்பரில், அவர் தங்கியிருந்த பவழக்குன்றுக்கு வந்து, வீட்டுக்குத் திரும்பும்படி அழுது மன்றாடிய தாய் அழகம்மாளுக்கு அவர் எழுதிக் கொடுத்த விடையோ, அவரவர் பிராரப்தத்தின்படியே எல்லாம் நடக்கும், ஆகவே மௌனமாக இருப்பதே நன்று என்னும் கருத்துடையது. ஒருவர் முழுச் சுதந்திரம் என்கிறார். மற்றவர் எல்லாம் விதித்தபடி என்கிறார். சமரசம் செய்து மழுப்ப இடமில்லாத முரண் இது.

எனினும் விழுப்புரத்து நாட்களை அருகில் வைத்துப் பார்க்கும்போது, விதியை நம்பியவன் கைகட்டி உட்கார்ந்திருக்கவில்லை என்பது தெரிகிறது. கைகாட்டிப் பலகையைத் தேடியவனும், நண்பகல்வரை காத்திருந்தவனும், கடுக்கனைக் கழற்றியவனும் அவனேதான். செய்வதையெல்லாம் செய்துகொண்டே, செய்கிறவன் நான் என்ற உரிமையை மட்டும் அவன் கைவிட்டுவந்தான். சார்த்தரின் மனிதன் ஒவ்வொரு செயலாலும் தன்னைக் கட்டிக்கொள்கிறான். இவன் ஒவ்வொரு செயலாலும் ஏதோ ஒன்றைக் கழித்துக்கொண்டே போனான். சீட்டில் மிஞ்சிய தூரம், அணாக்கள், கடுக்கன், விலாசம், பூணூல் என்று வரிசையாகக் கழிந்தபின் நின்றதையே முழுமை என்று அம்மரபு சொல்கிறது. உள்ளாற்றலை வளர்த்தல் என்ற பெயரில் திறமைகளையும் பட்டங்களையும் பழக்கங்களையும் மேன்மேலும் சேர்த்துக்கொள்ளும்படி இன்று போதிக்கப்படுவதற்கும் இதற்கும் உள்ள தூரம் பெரிது.

அப்படியானால் வீட்டை விட்டு ஓடினால்தான் மாற்றமா? பின்னாளில் தம்மிடம் வந்து துறவு கேட்டவர்களுள் பெரும்பாலோரை மகரிஷி ஊக்கியதில்லை. 1902-ஆம் ஆண்டை ஒட்டி, மௌனத்திலிருந்த அவரிடம் கேள்விகள் கேட்டு எழுத்தில் விடைபெற்று, பின்னர் 1923-இல் வெளிவந்த ‘நான் யார்?’ என்னும் சிறு நூலுக்குக் காரணமான சிவப்பிரகாசம் பிள்ளை, இதே தென்னாற்காடு ஜில்லாவின் ரெவினியூ இலாகாவில் உத்தியோகம் பார்த்தவர். தத்துவம் படித்த பட்டதாரி. உலகத்தை உலுக்கிய கேள்வியைக் கேட்டுவைத்தவர் ஒரு சர்க்கார் குமாஸ்தா வர்க்கத்தவர் என்பதை நம் பக்கத்தார் பெருமையோடு நினைக்க வேண்டும். 1944-இல் ஹைன்ரிஷ் ஸிம்மர் மகரிஷியைப் பற்றி ஜெர்மன் மொழியில் எழுதிய நூல் வெளிவந்தபோது அதற்கு முன்னுரை தந்த மனவியல் அறிஞர் யுங், இந்தியாவுக்கு வந்திருந்தும் திருவண்ணாமலைக்குப் போகாதவர். ஆனால் திருவனந்தபுரத்தில் அவர் சந்தித்த மகரிஷியின் அன்பர் ஒருவர், ஆரம்பப் பள்ளி ஆசிரியரை ஒத்த எளிய நிலையினராய், குடும்பத்தைக் காப்பாற்றிக்கொண்டே அந்த ஞானத்தில் ஊறியிருந்ததைக் கண்டு, அவரைச் சந்தித்ததையே தம் பாக்கியமாக எழுதினார்.

விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் உள்ள கல்லூரிகளில் இலக்கியமோ தத்துவமோ பயிலும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள் விடுக்கிறேன். ஹைடெகரையும் சார்த்தரையும் அவசியம் படியுங்கள். அவர்களைப் படிக்கும் அதே காலத்தில், உங்கள் ஊரிலேயே நடந்த இந்த இரண்டு நாள் சரித்திரத்தையும் நரசிம்ம சுவாமியின் நூலிலிருந்து ஊன்றிப் படித்து, இரண்டையும் ஒன்றோடொன்று மோதவிட்டுப் பாருங்கள். முடிந்தால் மாம்பழப்பட்டிலிருந்து அரகண்டநல்லூர் வரை நடந்தும் வாருங்கள். விழுப்புரத்திலிருந்து காட்பாடி செல்லும் பாசஞ்சர் வண்டி மாம்பழப்பட்டில் நிற்கும்.